25,000 ரூபாய்க்கு யார் கணக்குக் கேட்பது?

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில் 2022இல் இருந்து இரண்டு வருடம் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருந்தேன். சின்னவள் இந்த வருடம்தான் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போகிறாள். இனி அந்தப் பள்ளியில் எனக்குப் பிள்ளை இல்லை, பதவியும் இல்லை. அதனால் மனதில் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தக் குழு சும்மா பேருக்கு வைத்ததில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அடுத்த பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டத்தையும் நாங்கள்தான் தயாரிக்க வேண்டும் என்கிறது. தலைவியாகி ஆறு மாதம் வரை இதில் ஒரு வரிகூட எனக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் பள்ளியில் அப்போது 64 பிள்ளைகள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 25,000 ரூபாய் மானியம். 30 வரை என்றால் 10,000தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு பிள்ளைக்கு வருடம் முழுக்க 390 ரூபாய். சாக்பீஸ், பதிவேடு, கரண்ட் சாமான், குழாய் ரிப்பேர், சுண்ணாம்பு எல்லாம் இதற்குள். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைச் சுத்தத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பங்கோடு நிறுத்திக்கொண்டால் மாதம் இருநூற்றுச் சொச்சம் ரூபாய். 64 பிள்ளைகள் போகும் கழிப்பறைக்குப் பினாயில், பிளீச்சிங் பவுடர், துடைப்பம் எல்லாம் அந்த இருநூறில் வாங்க வேண்டும்.

சரி, குறைவான பணம். அதுவாவது பள்ளி திறக்கும்போது வருமா என்றால் வராது. நான் இருந்த முதல் வருடம் பாதிப் பணம் டிசம்பரில் வந்தது, மீதி மார்ச்சில். மார்ச் 31க்குள் செலவழிக்காவிட்டால் திரும்பப் போய்விடும் என்று ஒரே அவசரம். ஒரு நாள் சாயங்காலம் தீர்மானப் பதிவேடு வீட்டுக்கே வந்தது. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது, நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். ஒரு இரும்பு பீரோவும் சுவர் ஓவியமும் அந்தக் கையெழுத்தில் வந்தவை என்று பிறகுதான் தெரிந்தது. அந்தச் சமயத்தில் பள்ளி மோட்டார் எரிந்து இரண்டு மாதம். கழிப்பறையில் தண்ணீர் இல்லாமல் நான்காம் ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் இடைவேளையில் வீட்டுக்கு ஓடி வந்துகொண்டிருந்தார்கள், அதில் என் மகளும் ஒருத்தி. அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

தலைமை ஆசிரியையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஆசிரியர் பள்ளி, மூன்று வகுப்பை அவரே ஒன்றாக வைத்துப் பாடம் நடத்துகிறார். வட்டார வள மையத்துக்கு ஓடுவதும் கைப்பேசியில் விவரம் ஏற்றுவதும் அவர்தான். மோட்டாரை எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் தம்பி குறைந்த கூலிக்குச் சுற்றிக் கொடுத்திருப்பான். ஆனால் அவனிடம் பில் புத்தகம் கிடையாது. மானியப் பணமோ கடைக்காரர் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும், மூன்று விலைப்புள்ளி வேண்டும், ஜி.எஸ்.டி. பில் வேண்டும் என்றார்கள். ஆகவே பில் கொடுக்கும் டவுன் கடையில் எது கிடைக்கிறதோ அதை வாங்குவது என்று ஆகிவிடுகிறது. பில் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் சின்ன ரிப்பேருக்கு ஊர் ஆளின் கைப்பட எழுதிய ரசீதும் குழுவின் தீர்மானமும் போதும் என்று இருந்தால் அந்த மோட்டார் மூன்றாம் நாளே ஓடியிருக்கும்.

கட்டடம் இன்னொரு தலைவலி. ஆசிரியர்கள் கல்வித் துறையின் கீழ், கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் கீழ். மழைக்கு ஒழுகும் கூரைக்கு டீச்சர் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதினால் அங்கிருந்து ஒன்றிய அலுவலகத்துக்குப் போகச் சொல்வார்கள். ஒன்றியத்தில் பொறியாளர் வந்து மதிப்பீடு போடட்டும் என்பார்கள், பிறகு நிதி வரட்டும் என்பார்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபோது மாநிலம் முழுக்க ஆபத்தான கட்டடங்களை இடித்தார்கள். எங்கள் பழைய ஓட்டுக் கட்டடமும் அப்போதுதான் போனது. அதற்கு முன்பே நாங்கள் மூன்று கிராம சபையில் மனுக் கொடுத்திருந்தோம்.

மேலே நடக்கும் சண்டையும் கடைசியில் இங்கேதான் வந்து விழுகிறது. பி.எம். ஸ்ரீ என்பது ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டம், அதில் சேர்ந்தால் மும்மொழி சொல்லும் தேசியக் கல்விக் கொள்கையையும் ஏற்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு, எங்கள் மானியம் வரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25க்கான சுமார் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. மும்மொழி சரியா தவறா என்று நாம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், பேச வேண்டியதுதான். ஆனால் இந்தத் திட்டத்துக்கென்று சட்டசபையும் நாடாளுமன்றமும் ஒதுக்கும் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கையெழுத்துக் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது வருடம் நான் ஒரு காரியம் செய்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை, ரொக்கப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்தேன். எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, எந்தக் கடைக்கு எவ்வளவு போனது, வவுச்சர் எங்கே, எல்லாம். டீச்சருக்கு முதலில் முகம் வாடியது. சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். அவர் கைக்காசு 3,000 ரூபாய் போட்டு இணையக் கட்டணமும் குடிநீர்க் கேனும் வாங்கியதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. இருபது பேர் குழுவில் அன்று வந்திருந்தது ஐந்து பேர். அடுத்த கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். காரணம் வேறு ஒன்றும் இல்லை, கணக்குப் படிப்பார்களாம் என்று ஊரில் பேச்சுப் பரவியிருந்தது. அந்த முறை மானியம் வருவதற்கு முன்பே என்ன வாங்குவது என்று வரிசை போட்டு எழுதி வைத்தோம். மோட்டார், கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாள், குப்பைக்கூடை. பணம் வந்த வாரத்திலேயே மூன்றும் வந்துவிட்டன.

காமராஜர் காலத்தில் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தி, பெஞ்சு, நிலம், கடிகாரம் என்று மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று என் தாத்தா சொல்வார். இன்றும் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். போன பொங்கலுக்குக் கூடச் சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் ஸ்மார்ட் டிவி வாங்கித் தரட்டுமா என்று கேட்டான். போன தடவை கொடுத்த கம்ப்யூட்டர் என்ன ஆனது என்பதும் அவன் கேள்வியில் இருந்தது. கணக்குப் படித்த குறிப்பை போட்டோ எடுத்து அனுப்பினேன்.

குழுவை 2024இல் திருத்தி அமைத்தபோது 24 உறுப்பினர், முன்னாள் மாணவர்களும் உண்டு என்று ஆக்கினார்கள். நல்லது. புதுத் தலைவி எனக்குத் தெரிந்த பெண்தான், நூறு நாள் வேலைக்கு ஒன்றாகப் போனவர்கள் நாங்கள். போன செவ்வாய்க்கிழமை போன் செய்தாள்.

"அக்கா, பதிவேட்டைக் கொடுத்து அனுப்பியிருக்காங்க, மேலே ஒண்ணும் எழுதலை. கையெழுத்து மட்டும் போடச் சொல்றாங்க."

"போடாதே. வெள்ளிக்கிழமை நானும் வரேன், அங்கே வைத்து எழுதச் சொல்லுவோம்" என்றேன்.