கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது கேட்கும் டியூப்

போன சனிக்கிழமை மாலை ஒரு பெண் கடைக்கு வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். மழைக்கு ஒதுங்கியவளைப்போல ஓரமாக நின்றாள். கூட்டம் குறைந்ததும் கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள். திரையில் ஒரு டியூபின் படம். "அக்கா, இது இருக்கிறதா? இன்னும் இருபது நாளில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் நல்ல நிறம்." கடைசி வாக்கியத்துக்கு வரும்போது அவள் குரல் தாழ்ந்துவிட்டது.

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துக்கடையில் பதினோரு ஆண்டுகளாகப் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். தாழ்ந்துபோகும் அந்தக் குரலை வாரம் தவறாமல் கேட்கிறேன். அதற்காகத்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

அவள் கேட்ட டியூபில் மூன்று மருந்துகள் கலந்திருக்கின்றன: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. முகத்தில் மங்கு விழுந்தவர்களுக்குத் தோல் மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித்தரும் மருந்து அது. நம் ஊரில் அதைக் கல்யாணக் க்ரீம் ஆக்கிவிட்டார்கள். பூசிய முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும். ஆசை காட்டுவது அந்த இரண்டு வாரம்தான். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், கன்னத்தில் சிவப்பு நரம்புகள் வலைபோலத் தெரியும், பருக்கள் கூட்டமாக வரும், பெண்களின் முகத்தில் பூனைமுடி வளரும். நிறுத்தினால் முகம் தீப்பட்டதுபோல எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதையே பூசுவார்கள். 2018ஆம் ஆண்டு மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று அறிவித்தது. அறிவிப்பு வந்த பிறகும் சீட்டில்லாமல் கேட்பவர்களின் எண்ணிக்கை குறையவில்லை.

நானும் பூசியிருக்கிறேன். கல்யாணம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அக்கம்பக்கத்தில் ஒருவர் சொன்னதைக் கேட்டு எட்டு மாதம் தினமும் இரவில் பூசினேன். அடுப்படிக்குள் போனால் முகம் கனலும். வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால் அழுகை வரும். அப்போது நான் டி.ஃபார்ம் என்னும் மருந்தாளுநர் படிப்பை முடித்திருந்தேன் என்பதுதான் என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியாத விஷயம். ஸ்டீராய்டு தோலை என்ன செய்யும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய கை, அதையே எடுத்து முகத்தில் தேய்த்தது. நிறத்தைப் பற்றிய பயம் படிப்பையும் மீறி மனிதரை இழுத்துப் போகும்.

டியூபிலாவது உள்ளே இருப்பது என்னவென்று அச்சிட்டிருக்கிறது. பெயரே இல்லாத டப்பாக்களில் விற்கும் க்ரீம்கள் இன்னும் மோசம். 2023இல் பக்கத்துக் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பழுதடைந்து, மருத்துவர்கள் காரணத்தைத் தேடியபோது பாதரசம் என்று தெரிய வந்தது. நிறமி உருவாவதைப் பாதரசம் தடுக்கும். தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு கூட்டம், "முகத்துக்கு எதையுமே பூசாதே, அழகு மனதில் இருக்கிறது" என்று வரும். அதையும் நான் ஏற்பதில்லை. நன்றாகத் தெரியவேண்டும் என்று ஒரு மனுஷி ஆசைப்படுவதில் தவறில்லை. இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தரவேண்டியதும் இல்லை. மேலாடை அணியும் உரிமைக்காக எங்கள் பாட்டிகளின் பாட்டிகள் பல பத்தாண்டுகள் அடிபட்டிருக்கிறார்கள். 1859 ஜூலையில்தான் திருவிதாங்கூர் அரசர் அதற்கு அனுமதி கொடுத்தார். அப்போதும் உயர்சாதிப் பெண்களைப்போல உடுத்தக்கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தார். தலைப்பாகை கட்ட உரிமையில்லாதவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வரச்சொன்னவர் அய்யாவழியை நிறுவிய அய்யா வைகுண்டர். சின்ன வயதில் பாட்டி என்னை அய்யாவழியினரின் வழிபாட்டிடமான நிழல்தாங்கலுக்குக் கூட்டிப்போவார். அங்கே கருவறையான பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான் இருக்கும். முன்னால் விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில் என் கறுத்த முகத்தைப் பார்த்துக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். கல்யாணப் பேச்சு வந்த எட்டு மாதம் மட்டும் அதே முகத்தைக் கழுவித் தொலைக்கப் பார்த்தேன்.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். உடம்பைப் பேணுங்கள், தினமும் பேணுங்கள், நிறத்தை மாற்றுவதற்காக மட்டும் பேணாதீர்கள். பேணும் முறையும் நம் வானத்துக்கும் நம் வேலைக்கும் நம் அடுக்களைக்கும் ஒத்துவர வேண்டும். குளிர்நாட்டுக்காரர் பத்துப் புட்டிகளை வரிசையாக அடுக்கிக் காட்டும் வீடியோ குழித்துறைக்கும் குளச்சலுக்கும் உதவாது.

இங்கே காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்குக் கிடைக்கின்றன. ஆகவே பெரும்பாலானவர்களுக்கு மூன்று பொருள் போதும்: காரம் குறைந்த ஒரு ஃபேஸ்வாஷ், எண்ணெய்ப்பசை இல்லாத ஒரு மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன். காலையும் இரவும் முகம் கழுவினால் போதும், அதற்குமேல் தேய்த்துக் கழுவுவது தோலுக்குக் கெடுதல். இதில் ஒன்றை மட்டும்தான் வாங்க முடியும் என்றால் சன்ஸ்கிரீன் வாங்குங்கள். கறுப்புத் தோலுக்கு அது எதற்கு என்று கேட்கிறார்கள். வெயிலில் எரிந்து சிவப்பது நமக்குக் குறைவு என்பது உண்மை. மங்கும், பரு ஆறிய இடத்தில் தங்கும் கரும்புள்ளியும் நமக்குத்தான் அதிகம், இரண்டையும் ஆழமாக்குவது வெயில். வெயிலை எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் எண்ணான எஸ்.பி.எஃப். 30 இருந்தால் தாராளம். எஸ்.பி.எஃப். 30 சுமார் 97 சதவீத யு.வி.பி. என்னும் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் என்றால் 50 தடுப்பது 98 சதவீதம். அந்த ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்கவேண்டாம், அந்தக் காசில் பூசும் அளவைக் கூட்டுங்கள். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் நீளும் அளவுக்கு இரண்டு கோடு பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். கடலைப்பருப்பு அளவு எடுத்துத் தடவிவிட்டுப் பலன் இல்லை என்கிறார்கள். முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் வள்ளத்தில் போகும் அண்ணன்மார்களுக்கு இது இன்னும் அவசியம். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயிலும் சேர்ந்து அடிக்கிறது. வியர்வையில் கரைந்துபோவதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூசவேண்டும். முடியாதவர்கள் தொப்பியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். பட்ட இடமெல்லாம் கொப்பளித்துக் கறுத்துப்போகும். பருவுக்குப் பற்பசையும் வேண்டாம்.

இனித் தேங்காய் எண்ணெய். இதைச் சொன்னால் என் மாமியாரே என்னோடு பேசமாட்டார். மாவட்டம் முழுக்கத் தென்னந்தோப்பு, சமையலும் அதில்தான், குளியலும் அதில்தான். தலைமுடிக்கு அதைவிட நல்ல எண்ணெயை நான் அறியேன். முடியின் உள்ளே இறங்கி, அலசும்போது புரதம் கரைந்துபோவதைக் குறைக்கிறது. முகம் வேறு. பரு வருகிற முகத்தில் அது துளைகளை அடைக்கும். பொடுகு உள்ள தலையில் எண்ணெயை ஊறவிட்டால், பொடுகுக்குக் காரணமான பூஞ்சை அதை உண்டு பெருகும். பொடுகு இருக்கும்வரை வாரம் இரண்டு முறை கீட்டோகோனசோல் ஷாம்பு போட்டு, ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். பொடுகு போனபின் தாராளமாக எண்ணெய் தேயுங்கள், குளிப்பதற்கு முன்னால்.

எங்கள் கடையில் முகத்தைவிட அதிகமாக வரும் பிரச்சினை படர்தாமரை. அழகுக் குறிப்பு சொல்பவர்கள் யாரும் இதைப் பேசுவதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் உள்ளாடை காயாது. ஈரத்தோடு போட்டு, மேலே இறுக்கமான ஜீன்ஸ் மாட்டி, பைக்கில் நாகர்கோவில்வரை போய்வருகிற பையன்களுக்குத் தொடையிடுக்கில் வட்டம் வட்டமாக வரும். வெட்கத்தில் யாரிடமும் காட்டாமல் கடைக்கு வந்து, "அரிப்புக்கு ஏதாவது தாருங்கள்" என்பார்கள். மூன்று நான்கு மருந்து கலந்த டியூபை வாங்கிப் பூசினால், அதிலுள்ள ஸ்டீராய்டு அரிப்பை நிறுத்தும், பூஞ்சையை வளரவிடும். இரண்டு மாதத்தில் வயிறுவரை ஏறியிருக்கும். உள்ளாடையை இஸ்திரி போட்டு உடுத்துங்கள், துவர்த்தை, அதாவது துவட்டும் துண்டை, தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மருந்தை மருத்துவர் சொன்ன நாள்வரை முழுதாகப் பூசுங்கள். நூறு பவுடரும் வாசனைத் தைலமும் செய்யாததை இந்த மூன்றும் செய்யும்.

கை என்று ஒன்று இருப்பதும் பலருக்கு மறந்துபோகிறது. அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கும் அக்காமார் கடைக்கு வரும்போது நீட்டும் கைகளைப் பார்த்தால் நெஞ்சு வலிக்கும். தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் அமிலம் போன்றது. விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து, சிலருக்குப் பிளந்திருக்கும். வேலைக்கு முன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது அவர்களே கண்ட வழி. அதோடு கையுறையும், வேலை முடிந்து சோப்பால் கழுவியபின் பெட்ரோலியம் ஜெல்லியும் சேர்ந்தால் நல்லது. விலை குறைவு, இரவு தூங்கும் நேரம் அது வேலை செய்யும். கல்யாண வீட்டில் புடவையின் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு உட்காரும் பெண்ணுக்கு ஃபேஷியலைவிட இதுதான் அழகு தரும்.

என் அண்ணன் மகன் எங்கள் வீட்டில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். சில மாதங்களாகக் கெட்டியான பபிள்கம்மை மணிக்கணக்கில் மெல்லுகிறான், நாக்கை அண்ணத்தில் அழுத்திக்கொண்டே இருக்கிறான். தாடை கூர்மையாகும் என்று எங்கோ பார்த்திருக்கிறான். ஒரு நாள் விரல்மூட்டால் கன்ன எலும்பைத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டினால் எலும்பு வளருமாம். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மென்று மென்று தாடைமூட்டு வலிதான் வரும், தட்டித் தட்டி வீக்கம்தான் வரும். "மக்களே, நீ ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறாய்?" என்று கேட்டேன். ஒரு மணி. அவன் வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும், வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த உறக்கத்தில். இரவு பத்துக்குக் கைப்பேசி என் அறைக்கு வந்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டோம். சண்டை இல்லாமல் நடக்கவில்லை.

அடுத்து அவன் புரதப் பவுடர் கேட்டான். அவன் எடை 55 கிலோ. சாதாரணமாக ஒரு நாளைக்குச் சுமார் 47 கிராம் புரதம் போதும். கடுமையாக உடற்பயிற்சி செய்தால் அதைப்போல இருமடங்குவரை. நூறு கிராம் சாளை மீனில் சுமார் 20 கிராம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6 கிராம், மீதிக்குப் பயறும் கடலையும் தயிரும். நம் கடற்கரையில் பிடித்துவரும் சாளையை மலிவு மீன் என்று ஒதுக்கிவிட்டு, ஆயிரக்கணக்கில் கொடுத்து டப்பா வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை. நாம் கவனிக்கவேண்டியது மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கின் அளவை. கிழங்கு தட்டு நிறைய, மீன்கறி ஓரமாகக் கொஞ்சம் என்று சாப்பிடுகிறோம். அளவுகளை மாற்றிப்போடுங்கள், சுவை குறையாது.

இப்போது அவன் பின்வாசல் அயனிமரக் கிளையில் தொங்கிப் புல்அப்ஸ் எடுக்கிறான். முதல் வாரம் ஒன்றுகூட முடியவில்லை, இப்போது நான்கு.

நான் காலை ஐந்தரைக்குச் சானல்கரையில் நடக்கிறேன். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, ஐந்து நாள் அரைமணி நேரம் போதும். அதே கணக்கில் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் இருக்கிறது. பெண்கள் அதை விட்டுவிடுகிறோம். நாற்பதுக்குப் பின் எலும்பு மெலியும்போது நடை மட்டும் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இரண்டு கையிலும் தண்ணீர்க் குடம் தூக்கி நடப்பது என்று தொடங்கினேன், மாதாமாதம் கொஞ்சம் கூட்டினேன். எட்டு மாதத்தில் முதுகு நிமிர்ந்தது. கடையில் பத்து மணி நேரம் நின்றாலும் தோள் தொங்குவதில்லை. நிமிர்ந்து நின்ற அன்றைக்குத்தான் பக்கத்துக் கடைக்காரர், "என்ன, முகம் தெளிந்திருக்கிறதே, ஏதாவது க்ரீமா?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். அவளிடம் டியூபைத் தரவில்லை. இருபது நாளில் எந்தப் பொருளும் நேர்மையாக நிறத்தை மாற்றாது, இந்தச் சமயத்தில் புதிதாக எதையும் முகத்தில் சோதித்துப் பார்க்காதே, ஃபேஷியலும் கடைசி வாரத்தில் வேண்டாம் என்று சொன்னேன். சன்ஸ்கிரீன் ஒன்று வாங்கிக்கொண்டாள். பிறகு அடுத்த கடைக்குப் போனாளா என்று எனக்குத் தெரியாது.

ஏற்கெனவே அந்த டியூபை மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் முகம் தாங்காது, எனக்கு அது தெரியும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு எடுங்கள். மருத்துவர் படிப்படியாகக் குறைக்கும் வழி சொல்வார். போகும்போது டியூபையும் கையில் எடுத்துச் செல்லுங்கள், எத்தனை மாதம் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நான் எட்டு மாதத்தை இரண்டு மாதம் என்று சொல்லி, குணமாவதற்கு ஓர் ஆண்டைக் கூட்டிக்கொண்டேன்.