துண்டில்லாமல் வாங்கிய மாத்திரை

பெரியம்மாவுக்குக் கால் பெருவிரல் மூட்டு பக்கவாட்டில் புடைத்து, எந்தச் செருப்பும் கொள்ளாமல் வருடக்கணக்காகிவிட்டது. போன மாதம் ஒருவழியாக ஒப்பரேஷன். காலையில் போய்ப் பின்னேரமே கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்பிவிட்டோம். ஓட்டோவுக்குள்ளேயே மாமா மருந்துப் பையைக் கிளறினார். "நோவு மாத்திரை மட்டும்தான் இருக்கு. எலும்பையே வெட்டியிருக்கினம் பிள்ளை, அன்டிபயோட்டிக் எங்கே?"

அது ஏற்கெனவே கொடுத்தாயிற்று. வெட்டுவதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்துக்குள் நாளத்தில் ஏற்றிய ஊசிதான் அது. இந்த வேலைக்குப் பல நாடுகளில் செஃபசோலின் என்ற அன்டிபயோட்டிக்தான் போடுகிறார்கள். காலென்றால் இன்னொரு சங்கதியும் உண்டு. இரத்தம் வராமலிருக்கத் தொடையிலோ கணுக்காலிலோ பட்டி இறுக்குவார்கள். மருந்து அதற்கு முன்பே பாதத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிந்திப் போட்டால் உடம்பெல்லாம் சுற்றும், வெட்டுகிற இடத்துக்கு மட்டும் போகாது. காயத்தைத் தைத்து மூடிய பிறகு, தொற்றைத் தடுப்பதற்கென்று தொடர்ந்து கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2016இலேயே சொல்லிவிட்டது.

மாமாவிடம் இதெல்லாம் எடுபடவில்லை. அன்றிரவே காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில் ஐந்து நாளுக்கு அமொக்சிசிலின் கிளவுலனிக் என்ற அன்டிபயோட்டிக் மாத்திரை வாங்கி வந்தார். சட்டப்படி டொக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்துத் துண்டு வேண்டும். கடையில் யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பெரியம்மாவுக்கு வயிற்றோட்டம். இரவில் ஐந்து தரம், கட்டுப்போட்ட காலோடு, எங்கள் பிளட்டின் ஈர பாத்ரூமுக்கு நொண்டி நொண்டிப் போனார். அவசரத்தில் காலுக்குச் சொப்பிங் பேக் கட்ட எங்கே நேரம்? கட்டு தொப்பலாக நனைந்துவிட்டது. கிருமிக்குப் பயந்து வாங்கிய மாத்திரை செய்த வேலை இது.

சரி, பயம் பொய்யில்லை. விரலிடுக்கு எப்போதும் ஈரம், கிருமி குடியிருக்கும் இடம். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூட. காயம் சிவந்து, சூடாகி, சீழ் வந்தால் உடனே ஓடவேண்டும். அப்போது டொக்டரே மாத்திரை எழுதுவார். எனக்குக் கோபம், அதற்கு முன்பே "எதற்கும் இருக்கட்டும்" என்று விழுங்குவதில்தான். பெரியம்மாவின் சீனியை அந்த வாரம் ஒருவரும் பார்க்கவில்லை, நான் உட்பட. காலைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள் என்று சொன்னதும் பாதி நாள்தான் நடந்தது.

நல்ல காலம், காயம் ஆறிவிட்டது. மிச்ச எட்டு மாத்திரை பிரிட்ஜுக்கு மேல் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் உதவுமாம். மாமா எறியவிடுகிறார் இல்லை.