சாக்கு வேண்டாம், கூண்டு கொடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் தெருப்பூனைகளைப் பிடித்துக்கொண்டுபோனதைப் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஆமாம், நீங்கள் பார்த்த படத்தில் இருப்பவை எங்கள் பி பிளாக் பூனைகள்தான். சாக்கில் கட்டித்தான் கொண்டுபோனார்கள். மீன் மார்க்கெட் பக்கம் விட்டிருக்கிறோம், அங்கே சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை என்று சமாதானம் வேறு. மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை.

எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? பிடித்துக்கொண்டுபோய் வேறு இடத்தில் விட்டால் பூனை குறையாது. எலியும் குப்பையும் இங்கேயேதானே இருக்கின்றன, காலியான இடத்துக்கு அடுத்த தெருப் பூனை வரும், வந்து குட்டி போடும். போன வருடமும் நான்கைக் கொண்டுபோய் விட்டார்கள், தீபாவளிக்குள் ஆறு வந்து நிற்கவில்லையா? குறைய வேண்டுமென்றால் கருத்தடைதான் வழி. பெட்டை நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடும், ஒன்பது வாரத்தில் ஈனும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினைபிடிக்கும். சாக்கு எத்தனை வாங்குவீர்கள்?

கருப்பி என்கிற கருப்புப் பெட்டைப் பூனையைப் பழைய பதிவுகளில் பார்த்திருப்பீர்கள். மோட்டார் ரூமுக்குப் பின்னால் நான்கு குட்டி போட்டது. மூன்று குட்டிகள் வாந்தியும் பேதியுமாக ஒரே வாரத்தில் போய்விட்டன. நான்காவதற்குக் கண் இரண்டும் சீழ் கட்டி ஒட்டியிருந்தது, வெந்நீரில் பஞ்சை நனைத்து நனைத்துத் துடைத்தேன், அதுவும் தங்கவில்லை. அப்புறம்தான் கருப்பிக்குக் கருத்தடை செய்வதென்று முடிவு செய்தேன். கூண்டில் நெத்திலிக் கருவாடு வைத்து இரண்டு ராத்திரி காத்திருந்து பிடித்தேன். ஆபரேஷன் முடிந்து வந்தபோது வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் மழித்திருந்தது, இடது காதின் நுனியை நேராக வெட்டியிருந்தார்கள். அந்தக் காதைப் பார்த்தாலே இதற்குக் கருத்தடை ஆகிவிட்டது, மறுபடி பிடிக்க வேண்டாம் என்று தெரியும். மூன்று வருடம் ஒரு குட்டி போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதையும் சாக்கில் போட்டிருக்கிறார்கள். காதைக்கூடப் பார்க்கவில்லை.

இயற்கையில் கைவைப்பது பாவம் என்கிறார் ஒரு பெரியவர். ஐயா, அந்த நான்கு குட்டிகளையும் முருங்கை மரத்தடியில் புதைத்தவள் நான். எது பாவம் என்று எனக்குத் தெரியும். கடுவன் மூத்திர நாற்றம் தாங்கவில்லை, ராத்திரி முழுக்கக் கத்தல் என்பது நியாயமான புகார், நான் மறுக்கவில்லை. அதுவும் கருத்தடை செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நீ சோறு போடுவதால்தான் வருகின்றன என்கிறவர்களுக்கு: சோறு போடுகிறவளிடம்தான் பூனை வரும், வந்தால்தான் பிடிக்க முடியும். இதுவரை ஒன்பது பூனைகளுக்கு என் சம்பளத்தில் செய்திருக்கிறேன். குடியிருப்புக் கூட்டத்தில் ஒரு கூண்டு வாங்கப் பணம் கேட்டபோது பிள்ளை குட்டி இல்லாதவள், பொழுது போகவில்லை என்று காதில் விழுகிற மாதிரியே பேசினீர்கள். அதை நான் மறக்கவில்லை. 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் விலங்கைத் துன்பப்படும்படி கட்டி எடுத்துச் செல்வதும் குற்றம் என்று காட்டினேன், யாரும் வாங்கிக்கூடப் படிக்கவில்லை.

மார்க்கெட்டில் இரண்டு நாள் தேடிவிட்டேன். காது வெட்டிய கருப்புப் பூனையை யாராவது பார்த்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், எந்த நேரமானாலும் வருகிறேன். இங்கே தப்பித்த மஞ்சள் பெட்டைக்குச் சனிக்கிழமை ஆபரேஷன். வெள்ளி சாயங்காலம் கூண்டு வைக்கிறேன், பி பிளாக்கில் அன்றைக்கு யாரும் மீன் தலை போடாதீர்கள், பசியோடிருந்தால்தான் உள்ளே வரும்.