கச்சான் காற்று அபராதம் போடாது

'இந்தியாவில் காற்று சுத்தமாக இருக்கும் ஊர்களில் நம்ம ராமநாதபுரமும் ஒன்று' என்று ஒரு படம் வாட்ஸப் குரூப்புகளில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நாள் காணாமல் போகும், மறுபடி வரும். கீழே கைதட்டல், பச்சை இதயம், "ஊட்டியெல்லாம் ஓரமாப் போகணும்" என்று பெருமை. சந்தோஷம்தான். ராமநாதபுரம் சாலை பஜாரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கிக் கருவி இருக்கிறது. அதில் பல நாள் பச்சைதான், அதாவது காற்று நன்றாக இருக்கிறது என்றுதான் காட்டும். கருவி பொய் சொல்வதாக நான் சொல்ல வரவில்லை. தொண்டியில் ஆரம்பித்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று 230 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரை இது. இதற்கெல்லாம் சேர்த்து டவுன் கடைத்தெருக் கருவி ஒன்றைக் காட்டிப் பெருமைப்பட்டால் எப்படி?

இந்தப் பெருமையில் பாதி காற்றுக்குத்தான் சேர வேண்டும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் வடகடல் (பாக் விரிகுடா) பக்கத்து ஊர்களில் என்னத்தைக் கொளுத்தினாலும் புகை கடலுக்குப் போய்விடும். அதே கச்சான் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் புகையை வீட்டுக்குள் கொண்டுவந்து விடும். வடகிழக்கிலிருந்து வாடை தொடங்கியதும் கதை தலைகீழ். அப்போது இருமுவது வடகடல் பக்கம் இருக்கும் எங்கள் முறை. ஆகக்கூடி வருஷம் முழுக்க இரண்டு கரையில் ஒரு கரை புகையைக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது. டவுனில் அன்றைக்கும் பச்சைதான்.

எங்கள் ஊராட்சிக் குப்பை எங்கே போகிறது என்று சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், இந்தக் கரையில் பல ஊருக்குப் பொருந்தும். பனங்காடு முடிந்து, கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற ஓடை தொடங்கும் இடத்தில் கொட்டுகிறார்கள். பால் பாக்கெட், டயப்பர், தேங்காய் மட்டை எல்லாம் எந்த ஊரிலும் இருப்பது. கடற்கரை ஊர் என்பதால் எங்களுக்குக் கூடுதலாக இரண்டு உண்டு: கிழிந்த நைலான் வலையும், மீன் ஏற்றி உடைந்துபோன தெர்மாகோல் பெட்டியும். தெர்மாகோல் எரிந்து பார்த்திருக்கிறீர்களா? புகை கறுப்பாகக் கிளம்பும், அதிலிருந்து ஒட்டடை மாதிரி கரி இழைகள் மிதந்து வந்து இறங்கும். இறங்குகிற இடம் கருவாட்டுக் களம். நெத்திலி காயப்போட்டிருக்கும் வலை விரிப்பின் மேல் கறுப்பு நூல் நூலாக விழுந்து கிடக்கும். கையால் பொறுக்கினால் தேய்த்துக்கொண்டு மீனில் ஒட்டிக்கொள்ளும். வியாபாரி வந்து ஒரு கை அள்ளி முகர்ந்து பார்ப்பார், ஒன்றும் பேசாமல் விலையைக் குறைப்பார். இந்த நஷ்டம் எந்தக் காற்றுத் தரக் கணக்கிலும் வராது.

தீ வைக்கிற தூய்மைக் காவலர் அக்காவிடம் கேட்டேன். "வண்டி வராது தம்பி. அப்பிடியே போட்டு வச்சா நாய் இழுத்து ரோட்டுல போடுது, அதுக்கும் எனக்குத்தான் ஏச்சு. கொளுத்துனா எடம் காலி." முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் சொன்னார். முதல் புகை அவர் நெஞ்சுக்குத்தான் போகிறது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

சட்டம் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடுத்துவிட்டன. அதே வருஷம் டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை போட்டு, சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று விலையும் சொல்லிவிட்டது. கரையோரம் குப்பை கொட்டுவதை, 2011-லும் சரி 2019-லும் சரி, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை தடுக்கிறது. அப்படியானால் எங்கள் குப்பைமேடு அந்த இடத்தில் இருப்பதே ஒரு மீறல், அது எரிவது இன்னொரு மீறல். அபராதம் போட வேண்டியது யார்? உள்ளாட்சி. எரிப்பது யார்? அதே உள்ளாட்சி.

படத்தோடு இணையத்தில் ஒரு மனு போட்டேன். அது ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து கீழே இறங்கி, கடைசியில் எரித்தவர்கள் கைக்கே வந்து சேர்ந்தது. 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது, தீ ஏதும் காணப்படவில்லை' என்று பதில் எழுதி மனுவை முடித்துவிட்டார்கள். ஆய்வு நடந்தது நல்ல மழை பெய்த மறுநாள். மழையில் நனைந்த குப்பையில் தீயைத் தேடியிருக்கிறார்கள், பாவம்.

ஆள் இல்லை, வண்டி இல்லை, நிதி இல்லை என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் அரசு நினைத்தால் இந்தக் கரையில் எதையும் அமல்படுத்தும் என்பதற்குக் கடல் அட்டை என்ற கடல் உயிரினமே சாட்சி. 2001-ல் அதைப் பிடிக்கவே கூடாது என்று வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை வனத்துறை, கடலோரக் காவல் குழுமம், கடலோரக் காவல்படை என்று ஆளாளுக்கு ராத்திரியும் ரோந்து போகிறார்கள். பிடிபட்டால் வண்டி போச்சு, படகு போச்சு, ஜெயில். காலங்காலமாக அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்களுக்கு அந்தத் தடையில் இன்னும் ஆறாத வருத்தம் உண்டு, அது தனிக்கதை. நான் சொல்வது, படகுக்கு டீசலும் ஆளும் ரோந்து அட்டவணையும் அதற்குக் கிடைக்கின்றன. பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு எடுத்ததையும் இப்படித்தான் நிறுத்தினார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று கணக்கு, அதில் இரண்டு தண்ணீருக்கடியில் போன பிறகாவது.

அப்புறம் பிளாஸ்டிக் தடை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. ரெய்டு எங்கே நடக்கிறது? பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், பூக்காரம்மா கூடையில். கேரி பேக்கைப் பறிமுதல் செய்து, அபராதம் எழுதி, போட்டோ எடுத்துப் போடுவார்கள். பறிமுதல் செய்த பை அத்தனையும் எங்கே போகிறது என்று யாராவது பின்னால் போய்ப் பார்த்ததுண்டா?

காற்றுச் சட்டம் 1981-ல் வந்தது. மீறினால் ஒன்றரை வருஷத்திலிருந்து ஆறு வருஷம் வரை சிறை என்று அதில் இருந்தது. எங்கள் பக்கத்தில் அதற்காக யாரும் உள்ளே போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. 2023-ல் ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்து அந்தச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டது. 2024 ஏப்ரல் முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை பண அபராதம். பல சூழலியல் நண்பர்கள் இதற்கு ஒப்பாரி வைத்தார்கள். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. வராத ஜெயிலைவிட வருகிற அபராதம் மேல். ஆனால் அபராதம் யார் பாக்கெட்டிலிருந்து என்பதுதான் கேள்வி. குப்பையை ஒழுங்காகக் கையாளாத சிறிய உள்ளாட்சிக்கு 2020 ஏப்ரலிலிருந்து மாதம் 1 லட்சம் இழப்பீடு என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. கட்டினாலும் எங்கள் வீட்டு வரியிலிருந்துதான் கட்டுவார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதை. வண்டி அனுப்பாத அதிகாரிக்குச் சம்பளத்தில் ஒரு பைசா குறையாது. என்னைக் கேட்டால் அபராதம் பணமாகவே வேண்டாம். இத்தனை தேதிக்குள் மேட்டைக் காலி செய், தவறினால் இன்ன பதவியில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும் என்று பெயரோடு உத்தரவு வரட்டும்.

பெரிய விஷயத்துக்கு வருகிறேன். நம்ம மாவட்டத்து உப்பூர். அங்கே 2 × 800 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் வருவதாக இருந்தது. விவசாயிகளும் மீனவர்களும் வருஷக்கணக்கில் போராடினார்கள், கடலுக்குள் போட்ட பாலத்தை எதிர்த்துப் படகோடு இறங்கினார்கள். 2021 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது, அதோடு திட்டம் அங்கே படுத்தது. நின்றதால் நாம் தப்பித்தோம். வந்திருந்தால்? புகைபோக்கியில் கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கும் கருவி வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி போட்டார்கள். இரண்டு வருஷம் கெடு. பிறகு 2022 என்றார்கள், அப்புறம் 2024, 2026, 2027. கடைசியில் 2025 ஜூலையில், நாட்டின் அனல்மின் நிலையங்களில் முக்கால்வாசிக்கு மேல் அந்தக் கருவியே தேவையில்லை என்று விலக்கு கொடுத்துவிட்டார்கள். யாருக்கு விலக்கு இல்லை என்று பாருங்கள்: டெல்லி வட்டாரத்துக்கோ பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்கள். காற்று ஏற்கெனவே கெட்டுப்போன ஊர்களுக்குப் பக்கத்தில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வார்களாம். மற்றதெல்லாம் மூன்றாவது வகை, அதற்குத்தான் விலக்கு.

நம்ம மாவட்டத்தில் பத்து லட்சம் பேர் நகரம் கிடையாது. காற்று கெட்டுப்போன ஊர்களுக்கான தேசியத் தூய காற்றுத் திட்டப் பட்டியலில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி உண்டு, நாம் இல்லை. இந்த அளவுகோல்படி பார்த்தால் நாம் மூன்றாவது வகைதான். அதாவது காற்று நன்றாக இருப்பதும் ஜனம் குறைவாக இருப்பதுமே விதி நம் மேல் படாமல் போவதற்குக் காரணமாகிவிடுகிறது. வாட்ஸப் படத்துக்குக் கைதட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சுத்தம் செய்வதும் இதே லட்சணம்தான். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை கடற்கரைத் தூய்மை தினம். கல்லூரிப் பிள்ளைகள் தொப்பி போட்டு வருகிறார்கள், பேனர், கையுறை, பிஸ்கட். பிள்ளைகள் நிஜமாகவே வியர்க்க வியர்க்கப் பொறுக்குகிறார்கள், அதில் குறை இல்லை. மூட்டை கட்டி வரிசையாக வைத்துப் படம் எடுத்த பிறகு அந்த மூட்டைகள் வண்டியில் ஏறி எங்கள் ஓடைக்கரை மேட்டுக்கே வருகின்றன. அடுத்த வாரம் புகையாகிறது. கடலிலிருந்து எடுத்துக் காற்றில் விட்டோம், அவ்வளவுதான்.

மாசடைந்த இடங்களைச் சுத்தம் செய்வதற்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகள் கொண்டுவந்தது. நல்ல விதிகள்தான். சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியும் மாவட்ட நிர்வாகமும் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும், வாரியம் சோதிக்க வேண்டும், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும். ஆர்வத்தோடு படித்துக்கொண்டு போனால் விலக்குப் பட்டியல் வருகிறது: அணுக்கழிவு, சுரங்கம், கடலில் எண்ணெய் மாசு, குப்பைமேடு. இவற்றுக்கு வேறு சட்டங்கள் இருக்கின்றனவாம். கடற்கரை ஊரில் என்ன இருக்கும்? குப்பைமேடும் எண்ணெயும்தான் இருக்கும். அந்த 'வேறு சட்டங்கள்' எங்களுக்கு என்ன செய்தன என்பதை மேலே எழுதிவிட்டேன்.

2025 மே மாதம் கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு தனுஷ்கோடி வரை வந்து ஒதுங்கியது. ஜவ்வரிசி அளவுதான் இருக்கும், வெள்ளை. மணலோடு கலந்துவிட்டால் சல்லடை போட்டுத்தான் பிரிக்க முடியும். ஒரு முறம் மணலைச் சலித்தால் ஒரு கைப்பிடி தேறும், அடுத்த அலை இன்னொரு கைப்பிடியைக் கொண்டுவந்து போடும். கேரள அரசு சும்மா இருக்கவில்லை, 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போய், அதே கம்பெனியின் இன்னொரு கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்திவைக்க உத்தரவு வாங்கியது. இலங்கையில் 2021-ல் எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கப்பல் எரிந்து மூழ்கியதற்கு 100 கோடி டாலர் கட்டச் சொல்லி அவர்கள் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. கம்பெனி கட்ட மறுக்கிறது, அது வேறு. ஆனாலும் இவ்வளவு நஷ்டம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கேட்டார்கள் இல்லையா? தனுஷ்கோடிக்கு நேர் எதிர்க்கரையில் இருக்கிற நாடு.

நம் வாரியங்களுக்கும் கை நீளமாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரிடம் இழப்பீடு வசூலிக்கும் அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு உண்டு என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிகாரம் இல்லை என்ற சாக்கு இனி எடுபடாது.

இதைப் படித்ததும் யாராவது ஒருவர் "முதலில் கரிமூட்டத்தை மூடச் சொல்லுங்க" என்று வருவார் என்று தெரியும். சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர் பக்கம் மூட்டப் புகை இருக்கத்தான் செய்கிறது. கரி எடுப்பதற்காகச் சீமைக்கருவேலத் தூரை அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ கனிய விட்டு, நாள் கணக்கில் காவல் இருக்கிறார்கள். முதலில் வெள்ளைப் புகை, பிறகு நீலம். ராத்திரி எங்காவது மண் வெடித்தால் எழுந்துபோய் அப்ப வேண்டும், இல்லாவிட்டால் மொத்தமும் சாம்பல். விவசாயம் பொய்த்த பூமியில் அது ஒன்றுதான் கூலி. பள்ளிக்கூடத்துக்கும் வீடுகளுக்கும் பக்கத்தில் மூட்டம் போடாதே என்று சொல்வது சரி. புகை குறைவாக வரும் உலைக்கு மானியம் கொடு என்று கேட்பது இன்னும் சரி. ஆனால் இங்கே அமலாக்கம் என்றாலே கூலிக்காரன் தலையில்தான் முதலில் கைவைப்பார்கள். வாரியத்தின் ஜீப் மூட்டக்காரனைத் தேடி முள்ளுக்காட்டுக்குள் போவதற்கு முன்னால், தார் ரோட்டு ஓரத்திலேயே இருக்கும் அரசாங்கக் குப்பைமேட்டில் ஒருமுறை நிற்கட்டும்.

அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் ஊரில் ஒரு தீர்மானம் வைக்கிறோம். ஓடைக்கரையில் குப்பை கொட்டுவதை நிறுத்த ஒரு தேதி, வலையையும் தெர்மாகோலையும் தனியாக எடுக்க வாரம் ஒரு வண்டி, தூய்மைக் காவலர் யாரும் தீ வைக்கக் கூடாது, வைக்கச் சொன்னவர் யார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். 'ஆவன செய்யப்படும்' என்று எழுதி மூடிவிடாதபடி வாசகத்தைக் கெட்டியாக எழுத வேண்டும். வக்கீல் நண்பர்கள் யாராவது வரைவைப் பார்த்துத் தர முடியுமா? ஊர்க்காரர்கள் காலை பத்து மணிக்கே வந்துவிடுங்கள். போன தடவை ஆள் சேரவில்லை என்று பதினொன்றரைக்கே நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்கள்.