அந்த இருநூத்தியொரு ரூபாய்

போன ஆவணியில் ஊரில் வைத்து மகளுக்குக் காது குத்தினோம். பத்திரிகையின் அடியில் "மொய் தவிர்க்கவும்" என்று போடச் சொன்னது நான்தான். சென்னையில் பலரும் அப்படிப் போடுகிறார்கள், அதுதான் கௌரவம் என்று நினைத்தேன்.

பந்தி முடிந்து கை கழுவிவிட்டு ஒரு அப்பத்தா நேராக என்னிடம் வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். நாலாக மடித்த இருநூறு ரூபாய், கூடவே ஒரு ரூபாய் நாணயம்.

"மொய் எங்கய்யா எழுதுறாக?"

"வாங்கலை அப்பத்தா."

முகம் வாடிவிட்டது. "எம் மக கல்யாணத்துக்கு ஒங்க அப்பா நூத்தியொண்ணு எழுதுனாரு. நீ வாங்கலேன்னா இத நா எங்க கொண்டுபோயி எறக்கி வைக்கிறது?"

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் எழுதிய மொய்யை அந்த அம்மா இத்தனை காலம் மனதில் சுமந்திருக்கிறார். உடனே கடையில் ஒரு நோட்டு வாங்கிவரச் சொல்லி, பிள்ளையார் சுழி போட்டு, முதலில் அவர் ஊரையும் அப்புறம் பெயரையும் எழுதினேன்.

மொய்யைப் பிச்சை என்றும் வசூல் என்றும் பேசுகிறவர்கள் எங்கள் புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் வந்து பாருங்கள். பல குடும்பங்கள் ஒரே பந்தலில் சேர்ந்து கறிச்சோறு போட்டு மொய் விருந்து நடத்துவார்கள். வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது. வந்த பணம் ஒருவருக்கு ஆழ்குழாய்க் கிணறாகும், இன்னொருவருக்குப் பிள்ளையின் காலேஜ் ஃபீஸாகும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததும் மொய் விருந்தும் களையிழந்தது. திருப்ப வேண்டியவருக்கும் தோப்பு போய்விட்டதே. அதற்காக யாரும் நோட்டைக் கிழித்துப் போடவில்லை.

நகையை அடகு வைத்து மொய் செய்கிறவர்களையும் எனக்குத் தெரியும். குறைத்து எழுதியதற்காகப் பேச்சை நிறுத்திய பங்காளிகளும் உண்டு. அது தப்புதான், அதைத் திருத்த வேண்டும். அதற்காக வாசலில் வந்து நிற்கிறவரின் கையை மடக்கி அனுப்புவதா?

பத்திரிகையில் அந்த வரியைப் போடுவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். யார் யார் திருப்பித் தரக் காத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பரணிலிருந்து அப்பாவின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் மஞ்சள் கறை. நாங்கள் திருப்ப வேண்டியவர்கள் மட்டும் இருபத்துமூன்று பேர் இருக்கிறார்கள். அதில் ஒரு வீட்டுக் கல்யாணம் வருகிற ஞாயிற்றுக்கிழமை கீரமங்கலத்தில். மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.