அம்மம்மா எங்கே போனார்?

கிறிஸ்துவை ஏற்காதவருக்கு நித்திய நரகம் என்பதுதான் எல்லாக் கிறிஸ்தவர்களின் நம்பிக்கையும் என்று நரகம் பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாமல் போனாலும், மனச்சாட்சிப்படி கடவுளைத் தேடி வாழ்ந்தவர்கள் மீட்படையலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1964லேயே எழுதி வைத்துவிட்டது. மன்னாரில் உள்ள மடு மாதா கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் போகிற சைவ ஆட்களைப் பார்த்த எங்களுக்கு இது பெரிய புதினமும் இல்லை.

நான் முல்லைத்தீவில் புதுக்குடியிருப்புப் பக்கம். அம்மம்மா வற்றாப்பளை அம்மனைத் தவிர வேறொன்றும் அறியாத மனுசி. செத்தவீட்டில் அம்மா உலக்கையைப் பிடித்து, சைவக் கிரியைப்படி சுண்ணம் இடிக்க நிற்கிறார், சின்னம்மா அப்போதுதான் ஒரு சபைக்குப் போகத் தொடங்கியிருந்தார், அவரோடு வந்த போதகர் பந்தலுக்குள் கதிரையில் இருந்து தேத்தண்ணியும் குடித்து முடித்துவிட்டு, "பாவம், இரட்சிக்கப்படாமலே போய்விட்டா" என்றார். அம்மாவின் உலக்கை அப்படியே நின்றுவிட்டது. அந்த நேரத்தில் சொல்கிற கதையா அது?

எங்கள் பக்கத்திலும் நரகம் இல்லாமல் இல்லை. ஆனால் சைவத்தில் அது வினை தீருமட்டும்தான், பிறகு திரும்பவும் ஒரு பிறப்பு. முடிவே இல்லாத நெருப்பு என்பது எனக்கு விளங்கவேயில்லை, எண்பது வயதுக்குள் ஒரு கிழவி அப்படி என்னதான் செய்திருக்க முடியும்?

சித்திரா பௌர்ணமிக்கு அம்மம்மாவுக்குப் படைக்கிற சோற்றைச் சின்னம்மா இப்போதும் தொடமாட்டார். காய்கறி வெட்ட மட்டும் விடியவே வந்துவிடுவார்.