வரவும் மாட்டீர்கள், கேட்கவும் செய்வீர்கள்

முதல் பாதி முழுக்க ஆடி 14 புள்ளி. மொத்த ஆட்டத்துக்கும் சேர்த்து 42. நேற்று இரவு (2024 மார்ச் 19) டேட்டனில் நடந்த கல்லூரி பாஸ்கெட்பால் ஆட்டத்தில் கொலராடோ ஸ்டேட்டிடம் 67-42 என்று வர்ஜீனியா வாங்கிக் கட்டிக்கொண்டதைக் கடைசி நிமிடம் வரை உட்கார்ந்து பார்த்தேன். சந்தோஷமாகப் பார்த்தேன் என்றால் அல்பம் என்பீர்கள். சரி, அல்பம்தான். போடுகிற பந்தெல்லாம் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் வீரர்களே வளையத்தைப் பார்க்காமல் ஒருவருக்கொருவர் பந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். 68 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்குள் கடைசியாக விடப்பட்ட நான்கு அணிகளில் ஒன்று இது. வாசலிலேயே நிறுத்தப்பட்ட நான்கில் ஒன்று எங்கள் இண்டியானா ஸ்டேட்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், அதே ஹாலில்தான் இருந்தீர்கள். 68 அணிகளின் பெயரும் வந்து முடிந்து, டெரஹோட்டில் இருக்கும் எங்கள் இண்டியானா ஸ்டேட்டின் பெயர் வரவே இல்லை என்று உறைத்த அந்த நேரத்தில், இதே மாநிலத்துப் பெரிய கல்லூரியான பர்டியூவின் ரசிகர், நம் நண்பர், பக்கோடாத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: “28 மேட்ச் ஜெயிச்சாங்க, சரி. யாரோட ஆடினாங்க?” நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அங்கே பேசியிருந்தால் அந்த வீட்டு அக்கா சமைத்து வைத்த சாப்பாட்டுக்கு மரியாதையாக இருந்திருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

யாரோடு ஆடினோம்? வந்தவர்களோடு ஆடினோம். நீங்கள் வரவில்லை. விஷயம் இவ்வளவுதான், ஆனாலும் விளக்கமாகவே சொல்கிறேன்.

ஒரு சீசனுக்குச் சுமார் 31 ஆட்டம். கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகச் சேர்ந்து ஆடுகின்றன; பிக் டென் மாதிரி பெரிய கான்ஃபரன்ஸ்களில் இருபது ஆட்டம் அவர்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மிச்சம் பதினொன்று. அதில் சில, டிவிக்காகப் பெரிய அணியும் பெரிய அணியும் மோதுவது. மீதி நாள்களுக்கு ஒரு சின்னக் கல்லூரியைப் பணம் கொடுத்து வரவழைத்து, சொந்த மைதானத்தில் அடித்து அனுப்புவார்கள். பதிலுக்கு அந்த ஊருக்குப் போய் ஆடும் பேச்சே கிடையாது. இந்த ஏற்பாட்டில் யாரைக் கூப்பிடுவார்கள்? நிச்சயமாகத் தோற்கக்கூடியவனை. நன்றாக ஆடுகிற சின்ன அணியைக் கூப்பிட எந்தப் பயிற்சியாளருக்கும் பைத்தியம் இல்லை. ஜெயித்தால் யாரும் முதுகில் தட்டப்போவதில்லை. தோற்றால் மறுநாள் காலையில் அவர் வேலையைப் பற்றி ரேடியோவில் பேச்சு. ஆக, ஒரு சின்னக் கல்லூரி எவ்வளவு தேறுகிறதோ அவ்வளவுக்கு அதன் தொலைபேசி அடிப்பது குறையும். அப்புறம் மார்ச் மாதம் வந்து “யாரோட ஆடினாங்க?”

இந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்த பெரிய ஆட்டங்கள் எங்கே நடந்தன? அலபாமாவோடு அலபாமாவில். மிச்சிகன் ஸ்டேட்டோடு ஈஸ்ட் லான்சிங்கில். இரண்டுக்கும் நாங்கள்தான் போனோம். இரண்டிலும் தோற்றோம், ஆமாம், 102-80, 87-75. அந்த இரண்டு அணிகளும் திரும்ப டெரஹோட்டுக்கு வந்து ஆடட்டும், அப்புறம் பேசலாம். அதே மிச்சிகன் ஸ்டேட் 19-14 என்ற கணக்கோடு, பதினான்கு தோல்வியோடு, இப்போது ஒன்பதாம் இடத்து அணியாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் 28-6. பெரிய இடத்துப் பிள்ளை பதினான்கு முறை விழுந்தால் அது அனுபவம், நாங்கள் ஆறு முறை விழுந்தால் தகுதிக் குறைவு.

“குவாட் 1 வெற்றி ஒன்றுதானே?” என்று கேட்க ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரிகிறது. ஒன்றுதான். குவாட் 1 என்றால் மிகக் கடினம் என்று எண்ணப்படும் ஆட்டம்; எங்களுக்குக் கிடைத்த ஐந்தில் ஒன்றை ஜெயித்தோம். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பாருங்கள். சொந்த மைதானத்தில் ஆடும்போது எதிரணி தரவரிசையில் முதல் 30க்குள் இருந்தால்தான் அது குவாட் 1. வெளியூரில் ஆடினால் முதல் 75 வரை சேர்த்தி. எங்கள் கான்ஃபரன்ஸில் எங்களுக்கு அடுத்த நல்ல அணி டிரேக். அவர்களை எங்கள் மைதானமான ஹுல்மன் சென்டரில் வென்றோம். அது குவாட் 1 கிடையாது. பெரிய கான்ஃபரன்ஸில் இருப்பவனுக்கோ வாரத்துக்கு ஒரு குவாட் 1 வீடு தேடி வருகிறது. பத்து வாய்ப்பில் மூன்றை ஜெயித்தால் “மூன்று பெரிய வெற்றி” என்று எழுதுவார்கள், தோற்ற ஏழைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஐந்தே வாய்ப்பு கிடைத்தவன் ஒன்றை ஜெயித்தால் “ஒன்றுதானா?” என்கிறார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. நெட் என்று ஒரு தரவரிசையை, போட்டியை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வே உருவாக்கியது. எதிரணி யார், எங்கே ஆடினார்கள், எவ்வளவு திறமையாக ஆடினார்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தத் தரவரிசையில் நாங்கள் முதல் முப்பதுக்குள். வர்ஜீனியா ஐம்பதைத் தாண்டி. “யாரோட ஆடினாங்க” என்ற கேள்விக்கு விடை அவர்கள் போட்ட கணக்கிலேயே இருக்கிறது. கணக்கு பிடித்த மாதிரி வந்தால் காட்டுவார்கள், வராவிட்டால் “கணக்கு மட்டுமே எல்லாம் இல்லை” என்பார்கள்.

பிப்ரவரியை இழுப்பீர்கள், தெரியும். 1979க்குப் பிறகு முதல்முறையாக ஏ.பி. செய்தி நிறுவனத்தின் முதல் 25 அணிகளின் பட்டியலுக்குள் நுழைந்து 23ஆம் இடம் பிடித்தோம், மறுநாளே இல்லினாய் ஸ்டேட்டிடம் சொந்த ஊரில் தோற்றோம், அடுத்து சதர்ன் இல்லினாயிடமும். தோற்றோம்தான். யார் தோற்கவில்லை? அடுத்ததுக்குப் போவோம்.

செயின்ட் லூயிஸில் நடந்த எங்கள் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தை டிரேக்கிடம் ஜெயித்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை என்பது நியாயம்தான். 84-80. நாலு புள்ளி. அந்த நாலு புள்ளிக்கு அப்புறம் ஒரு வாரம் நாங்கள் பிழைத்ததே மற்றவர்களின் ஆட்டத்தைப் பார்த்துப் பதறித்தான். வழக்கமாக உள்ளே போகமாட்டான் என்று நினைத்தவன் கான்ஃபரன்ஸ் கோப்பையை அடித்தால் நேராக உள்ளே போய்விடுவான், மற்றவர்களுக்கு ஓர் இடம் குறையும். இந்த வருஷம் அப்படி ஒரு கூட்டமே கிளம்பியது: ஓரிகன், டுகேன், யு.ஏ.பி. எல்லாவற்றுக்கும் மேல் என்.சி. ஸ்டேட். 17-14 என்று வந்த அணி, ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்தது. அதிலும் அரையிறுதியில் அவர்கள் தோற்றுவிட்டதாகத்தான் நினைத்தேன். வர்ஜீனியா வீரர் ஒருவர் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார், என்.சி. ஸ்டேட் பையன் ஓடிவந்து பலகையில் அடித்து ஒரு மூன்று புள்ளியைப் போட்டான், கூடுதல் நேரத்தில் கதை முடிந்தது. என் மனைவி மாடியிலிருந்து இறங்கிவந்து, “உங்க டீமா?” என்றாள். “இல்லை” என்றேன். அப்படியானால் ஏன் கத்தினேன் என்று அவளுக்கு விளக்க முடியவில்லை.

அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஜெயித்து உள்ளே போனவனை என்ன சொல்வது? என் கோபம், எஞ்சிய இடங்களைப் பங்கிட்ட தேர்வுக் குழுவின் பன்னிரண்டு பேர் மேல். இது புதிதும் இல்லை. 2017இல் இதே இல்லினாய் ஸ்டேட், எங்கள் மிசூரி வேலி கான்ஃபரன்ஸில் பதினெட்டு ஆட்டத்தில் பதினேழு ஜெயித்து, இறுதியில் தோற்று, வெளியே நின்றது. அன்றைக்கும் இதே கேள்விதான்.

“உள்ளே விட்டாலும் முதல் சுற்றிலேயே அடிபட்டிருப்பீர்கள்” என்பவர்களுக்கு: நேற்றைய 42 புள்ளியை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இதே கான்ஃபரன்ஸிலிருந்து விச்சிட்டா ஸ்டேட் 2013இல் இறுதி நான்குக்குப் போனது. 2018இல் லயோலா சிகாகோ போனது. பிறகு இரண்டு கல்லூரிகளும் வேறு கான்ஃபரன்ஸுக்கு மாறிவிட்டன. ஏன் மாறின என்று இப்போது புரிகிறதா?

பர்டியூ நண்பருக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாப்ளே, சின்ன அணி என்றால் என்னவென்று இந்த மாநிலத்தில் உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உண்டா? 2021இல் நார்த் டெக்சஸிடம் தோற்றீர்கள். 2022இல் செயின்ட் பீட்டர்ஸ். போன வருஷம் ஃபேர்லி டிக்கின்சன், 63-58, முதலிடத்து அணி பதினாறாம் இடத்து அணியிடம். அவர்கள் எல்லாம் யாரோடு ஆடிவிட்டு வந்தார்கள் என்று அன்று இரவு ஒருவரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. “2021இல் நாங்கள் இண்டியானா ஸ்டேட்டோடு ஆடினோமே” என்று நீ சொல்வாய். ஆடினீர்கள். எங்கே? உங்கள் ஊரான வெஸ்ட் லஃபாயெட்டில்.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று சிலருக்குத் தோன்றும். நான் அங்கே படித்தவன், அது ஒரு காரணம். ஜனவரிக் குளிரில், மாணவர் அட்டையைக் காட்டினால் உள்ளே விடுவார்கள் என்பதற்காகத்தான் முதலில் ஹுல்மன் சென்டருக்குப் போனேன், ஹீட்டர் ஓடுகிற இடம் வேண்டுமே. பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரியவர், விதி தெரியாமல் முழித்த என்னிடம் லேரி பேர்டைப் பற்றி ஆரம்பித்தார். பெரிய கல்லூரிக்குப் போய், ஒரு மாதம்கூட நிற்காமல் ஊருக்கே திரும்பி வந்து, குப்பை வண்டியில் வேலை பார்த்த பையன், பிறகு இந்தச் சின்னக் கல்லூரிக்கு வந்து, 1979இல் அணியை 33-0 என்று இறுதி ஆட்டம் வரைக்கும் கொண்டுபோனான் என்று. அந்த ஓர் ஆட்டத்தில் மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 75-64. அதைச் சொல்லும்போது பெரியவர் நேற்று நடந்தது போல முகத்தைச் சுளித்தார்.

இன்னொரு காரணத்துக்கும் பாஸ்கெட்பாலுக்கும் சம்பந்தமில்லை. விருதுநகர்ப் பக்கம் ஒரு பொட்டல்காட்டுப் பொறியியல் கல்லூரியில் படித்தவன் நான். கேம்பஸுக்கு ஒரு கம்பெனியும் வராது. சென்னை, கோயம்புத்தூரோடு நின்றுவிடுவார்கள். நாங்களே பஸ் பிடித்து, விடியற்காலையில் கோயம்பேட்டில் இறங்கி, கட்டணக் குளியலறையில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வரிசையில் நிற்போம். அப்படி நின்ற ஓர் இடத்தில், என் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே கல்லூரிப் பெயரைப் பார்த்துவிட்டு, “இது எங்க இருக்கு?” என்றார் ஒருவர். சொன்னேன். “உங்க காலேஜுக்கு எந்தெந்தக் கம்பெனி வந்திருக்கு?” என்றார். நீங்கள் வரவில்லையே ஐயா என்று சொல்ல வாய் வரை வந்தது. “யாரும் வரலை சார்” என்றேன். தலையை ஆட்டி, தாளைத் திருப்பி என் பக்கமே தள்ளினார். 86 சதவீதம் எழுதியிருந்த பக்கத்தை அவர் புரட்டவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கோடாத் தட்டு நகர்ந்து வந்தபோது எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வந்தது. நண்பர் சென்னையில் எந்தக் கல்லூரியில் படித்தார் என்று நான் சொல்லப்போவதில்லை. அவரே பேச்சுக்குப் பேச்சு சொல்லிக்கொண்டிருப்பார்.

“அதான் என்.ஐ.டி.யில் ஆடுகிறீர்களே” என்று ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. என்.ஐ.டி. என்பது பெரிய போட்டிக்குள் இடம் கிடைக்காதவர்களுக்கான போட்டி. அதிலும் இந்த வருஷம் விதியை மாற்றினார்கள், தெரியுமா? முன்பு கான்ஃபரன்ஸில் முதலிடம் பிடித்துப் பெரிய போட்டிக்குப் போகமுடியாதவனுக்கு அங்கே நிச்சயம் ஓர் இடம் உண்டு. இந்த வருஷம் அது கிடையாது, அதற்குப் பதில் ஆறு பெரிய கான்ஃபரன்ஸுக்கும் தலா இரண்டு இடம் ஒதுக்கீடு. ஒதுக்கி வைத்தும் பல பெரிய கல்லூரிகள் “வேண்டாம்” என்றுவிட்டன. நம் பக்கத்து ப்ளூமிங்டன்காரர்களும், அதாவது இண்டியானா பல்கலைக்கழகமும், அதில் சேர்த்தி. கிடைக்காதவனுக்கு அந்த ஒதுக்கீடும் இல்லை, கிடைத்தவனுக்கு அது தேவையும் இல்லை.

அடுத்து நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். போட்டிக்குள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சுமார் 20 லட்சம் டாலர், ஆறு வருஷத்தில், கான்ஃபரன்ஸுக்குப் போய்ச் சேரும். அது இந்த முறை போச்சு. வீரர்கள் கல்லூரி மாறப் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திங்கள்கிழமையே திறந்துவிட்டது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடுகிறானே ராபி அவிலா, நடுவில் நின்று கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு பந்தைச் சரியான கையில் சேர்க்கிறானே, அவனைக் கூப்பிட எத்தனை பெரிய கல்லூரி காத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பயிற்சியாளர் ஷெர்ட்ஸ் முதல் வருஷம் 11-20 என்று ஆரம்பித்து, மூன்றாவது வருஷம் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். அவருக்கும் அழைப்பு போகும். எங்களோடு ஆட வராதவர்கள் எங்கள் ஆட்களை எடுக்க மட்டும் வருவார்கள். அப்போது ஒருவரும் “இவன் யாரோட ஆடினான்?” என்று கேட்கமாட்டார்கள், பாருங்கள்.

சரி. இன்று இரவு ஹுல்மன் சென்டரில் எஸ்.எம்.யு. அணியோடு என்.ஐ.டி. ஆட்டம். வேலை முடிந்து நேரே டெரஹோட் கிளம்புகிறேன், காரில் இரண்டு இடம் காலி. வருகிறவர்கள் நாலு மணிக்குள் போன் பண்ணுங்கள். பர்டியூ மாப்ளேயும் வரலாம், ஆனால் அந்தக் கறுப்பு-தங்க நிறச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் காரில் ஏறவேண்டும். பெட்ரோல் காசு அவனுடையது.